எலன் சர்ச் கேட்டது விமானி வேலை: முதல் விமானப் பணிப்பெண்கள் ஏன் செவிலியராக இருந்தனர்?

வானெழில் (இழையைத் தொடங்கியவர்):

விமானப் பணிப்பெண் என்றதும் இன்று நமக்கு நினைவுக்கு வருவது ஒப்பனையும் புன்னகையும் தள்ளுவண்டியில் வரும் உணவும்தான். ஆனால் இந்த வேலை தொடங்கிய காலத்தில், விண்ணப்பித்த பெண் முதலில் காட்ட வேண்டியிருந்தது பதிவுபெற்ற செவிலியர் என்பதற்கான சான்றிதழை. அது ஏன் என்று பல நாட்களாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். இங்கு மருத்துவமனையில் பணியாற்றியவர்களும் விமானத் துறையில் இருப்பவர்களும் சட்டம் அறிந்தவர்களும் இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் க்ரெஸ்கோ என்ற சிற்றூரில் 1904இல் பிறந்த எலன் சர்ச், சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டவர். 1930இன் தொடக்கத்தில் அவர் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் என்ற விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சென்று, அங்கு மேலாளராக இருந்த ஸ்டீவ் ஸ்டிம்ப்ஸனிடம் தம்மை விமானியாக அமர்த்திக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பெண்ணை விமானியாக அமர்த்தும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. அப்போது எலன் சர்ச் இன்னொரு யோசனையைச் சொன்னார்: செவிலியரை விமானத்தில் பயணிகளோடு அனுப்பலாம், ஒரு பெண்ணே அஞ்சாமல் அன்றாடம் பறந்து வேலை செய்யும்போது, பறக்க அச்சமாக இருக்கிறது என்று எந்த ஆண் வெளியே சொல்வான்?

ஸ்டிம்ப்ஸன் இந்த யோசனையை மேலிடத்துக்கு எழுதினார். முதலில் மறுத்த நிறுவனம், பிறகு மூன்று மாதச் சோதனையாக எட்டுப் பெண்களை அமர்த்த ஒப்புக்கொண்டது. எலன் சர்ச்சோடு சேர்ந்தவர்கள் ஜெஸ்ஸி கார்ட்டர், கார்னீலியா பீட்டர்மன், ஐனெஸ் கெல்லர், ஆல்வா ஜான்சன், மார்கரெட் ஆர்னாட், எல்லிஸ் க்ராஃபர்ட், ஹாரியட் ஃப்ரை ஆகிய எழுவர். எட்டுப் பேருமே செவிலியர். வயது 25க்கு மேல் இருக்கக் கூடாது. எடை 115 பவுண்டுக்கு மேல் கூடாது. உயரம் 5 அடி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. திருமணம் ஆகியிருக்கக் கூடாது. மாதம் 100 மணி நேரம் பறப்பதற்கு ஊதியம் 125 டாலர்.

1930 மே 15 அன்று எலன் சர்ச் ஓக்லாந்திலிருந்து சிகாகோ நோக்கிப் பறந்தார். பயணிகள் 14 பேர். வழியில் 13 இடங்களில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. பயண நேரம் ஏறத்தாழ 20 மணி.

என் கேள்வி இதுதான். செவிலியரைத் தேடியது பயணிகளின் உடல்நலத்துக்காகவா, அல்லது அவர்களின் அச்சத்தைப் போக்கிப் பயணச்சீட்டு விற்பதற்காகவா?

பழைய வார்டு:

மிக நல்ல கேள்வி. நான் 34 ஆண்டுகள் அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதிய நிபந்தனைப் பட்டியலைப் படித்தபோது, அதை ஏற்கெனவே எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. என் பயிற்சிக் காலத்தில் நாங்கள் இருந்த விடுதியின் விதிகள்தாம் அவை என்பது சற்று நேரம் கழித்தே எனக்கு விளங்கியது.

திருமணமாகாதவளாக இருக்க வேண்டும். விடுதியில் தங்க வேண்டும். மேட்ரன், அதாவது தலைமைச் செவிலியர், வரும்போது எழுந்து நிற்க வேண்டும். மருத்துவர் சுற்று வரும்போது இரண்டடி பின்னால் நடக்க வேண்டும். காலணி, தலைமுடி, நகம் மூன்றும் காலையில் பார்வையிடப்படும். இந்த ஒழுங்குமுறை நம் ஊருக்கு வந்தது மேலை நாட்டுச் செவிலியர் பள்ளிகளிலிருந்து. 1920களின் அமெரிக்காவில் பயிற்சி பெற்ற ஒரு பெண் இதைவிடக் கடுமையான ஒழுங்குக்குள் வளர்ந்திருப்பாள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே உங்கள் இரண்டு விடைகளோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். விமான நிறுவனத்துக்குக் கிடைத்தது மருத்துவ அறிவு மட்டுமன்று. இரவெல்லாம் விழித்திருக்கவும், அருவருப்பைக் காட்டாமல் வாந்தியைத் துடைக்கவும், அஞ்சுகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு அமைதியான குரலில் பேசவும், மேலே இருப்பவர் சொன்னதை எதிர்கேள்வி இன்றிச் செய்யவும் ஏற்கெனவே பழக்கப்பட்ட ஒரு பெண் கிடைத்தாள். அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதற்கான மூன்று ஆண்டு உழைப்பையும் செலவையும் மருத்துவமனையும் அவளும் முன்பே செய்து முடித்திருந்தார்கள்.

அந்தப் பெண்கள் விமானத்துக்குள் செவிலியர்போன்ற வெளிறிய சீருடையும், தரையில் பச்சை நிறக் கம்பளிச் சீருடையோடு தோள்போர்வையும் தொப்பியும் அணிந்தார்கள். தோள்போர்வை என்பது செவிலியரின் அடையாளங்களுள் ஒன்று. விமானியும் துணை விமானியும் ஏறும்போது விறைப்பாக நின்று படைவீரரைப் போல வணக்கம் செலுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தரப்பட்ட கையேடு சொன்னதாம். அந்த வரியைப் படித்தபோது, மருத்துவர் இருந்த இடத்தில் விமானியை வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

இறக்கைத் திருகு:

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளன். பழைய வார்டு அம்மா சொன்னது ஒருபுறம் இருக்கட்டும். அன்றைய விமானம் எப்படிப்பட்டது என்று அறியாமல் இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்று நினைக்கிறேன்.

அந்தப் பாதையில் ஓடியது மூன்று எஞ்சின் பொருத்திய போயிங் 80ஏ. பதினெட்டுப் பேர்வரை அமரலாம். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகம். பயணிகள் அறைக்குள் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடு அக்காலத்தில் இல்லை. அந்த வசதியோடு முதலில் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 307 விமானமே 1940இல்தான் வந்தது. அழுத்தம் இல்லாத அறையோடு மிக உயரத்துக்குப் போக முடியாது. ஆகவே இன்றைய விமானங்கள் மேகங்களுக்கு மேலே அமைதியாகக் கடக்கும் வானிலையை, அன்றைய விமானங்கள் அதன் நடுவே புகுந்தே கடந்தன. அதிலும் ரெனோவிலிருந்து சால்ட் லேக் நகரம் வழியாக ஷையான் வரையிலான பாதை பாலைநிலமும் மலைத்தொடருமாக இருப்பது. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றில் விமானம் ஏறி இறங்கி ஆடும்போது பயணிகளில் பலருக்குக் குமட்டல் எடுப்பது அன்றாட நிகழ்வு. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். அதற்கு மெல்லும் பசையும், எஞ்சின் இரைச்சலுக்குப் பஞ்சும் கொடுப்பார்கள். அந்த இரைச்சலில் உரக்கக் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும்.

இப்போது அந்தப் பெண்களின் வேலைப் பட்டியலைப் பாருங்கள். பயணிகளின் சீட்டைச் சரிபார்ப்பார்கள். சுமைகளை எடை போடுவார்கள். அறையைப் பெருக்கித் துடைப்பார்கள். பிரம்பு நாற்காலிகள் தரையோடு திருகப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்புதான். தோள்போர்வையின் ஆழமான பைகளில் ஸ்பேனரும் திருப்புளியும் வைத்திருந்தார்கள். கடிகாரத்துக்கும் உயரமானிக்கும் சாவி கொடுக்க வேண்டும். விமானம் மேலே எழுந்ததும் உள்ளே இருக்கும் ஈக்களை அடிக்க வேண்டும். எரியும் சுருட்டுத் துண்டுகளைச் சன்னல் வழியே எறியாமல் பயணிகளைத் தடுக்க வேண்டும். அன்றைய சன்னல்களைத் திறக்க முடியும். கழிப்பறைக்கு எழுந்து போகிறவர் தவறுதலாக வெளிக்கதவைத் திறந்துவிடாமல் கண்காணிக்க வேண்டும். எரிபொருள் நிரப்பும்போது உதவுவதும், விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளும்போது கைகொடுப்பதும் உண்டு. வறுத்த கோழியும் பழக் கலவையும் ரொட்டியும் காபியும் பரிமாறியது இவற்றுக்கு நடுவில்தான்.

இவற்றோடு ஒவ்வொருவரும் ரயில் கால அட்டவணை ஒன்றையும் உடன் வைத்திருக்க வேண்டும். வானிலை கெட்டு விமானம் எங்காவது இறங்கிவிட்டால், பயணிகளை அருகிலுள்ள நிலையத்துக்கு அழைத்துச் சென்று ரயிலேற்றி அனுப்புவது அவர்கள் கடமை. ஒருமுறை எரிபொருள் தீர்ந்து விமானம் ஒரு கோதுமை வயலில் இறங்க நேர்ந்ததையும், அதுவரை விமானத்தையே பார்த்திராத மக்கள் வண்டிகளிலும் குதிரைகளிலும் வந்து விமானத்தையும் தம்மையும் தொட்டுப் பார்த்ததையும், வானிலிருந்து வந்த தேவதை என்று ஒருவர் தம்மை அழைத்ததையும் ஐனெஸ் கெல்லர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த வேலையை இன்று தரைப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், தொழில்நுட்பர், உணவு வழங்குபவர், பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஐந்து பேர் செய்கிறார்கள். ஆகவே செவிலியர்தான் தேவைப்பட்டார்கள் என்பதைவிட, எதையும் தள்ளிவிடாமல் செய்யக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார் என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

தொடர்வண்டி நேசன்:

எல்லாவற்றையும் மதிப்போடு படித்தேன். ஆயினும் நான் மாறுபடுகிறேன். இது முதன்மையாக விற்பனை உத்திதான்.

1930இல் அமெரிக்க விமான நிறுவனங்களின் பிழைப்பு விமான அஞ்சலில் இருந்தது. பயணிகள் கூடுதல் வரவு மட்டுமே. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் நிறைவேறிய மெக்னரி வாட்ரஸ் சட்டம், அஞ்சலின் எடைக்கு ஏற்பப் பணம் கொடுக்கும் முறையை மாற்றி, விமானத்தில் உள்ள இட அளவுக்கு ஏற்பக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. பெரிய விமானங்களை வாங்கிப் பயணிகளை ஏற்றும்படி நிறுவனங்களைத் தூண்டுவதே அதன் நோக்கம். எலன் சர்ச் தம் யோசனையை அதற்கு முன்பே சொல்லிவிட்டார் என்பது உண்மை. எனினும் பயணிகளைத் தேடும் காற்று ஏற்கெனவே வீசிக்கொண்டிருந்தது.

அந்தப் பயணிகள் எங்கிருந்து வர வேண்டும்? ரயிலிலிருந்து. அன்று வசதி படைத்த அமெரிக்கர் தொலைதூரம் செல்வது புல்மன் நிறுவனத்தின் படுக்கைப் பெட்டிகளில். அங்கு படுக்கை விரித்து, காலணி துடைத்து, இரவெல்லாம் விழித்திருந்து பணி செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின ஆண்கள். அந்தப் பணியாளர்கள் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் அமைத்து, 12 ஆண்டுகள் போராடி 1937இல் புல்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டார்கள். விமான நிறுவனங்கள் அந்த அனுபவம் மிக்க ஆண்களை ஏன் அமர்த்தவில்லை என்று கேட்டுப் பாருங்கள். ரயிலில் கிடைக்காத ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு இளம் வெள்ளையினப் பெண் தேர்ந்தெடுக்கப்பட்டாள். இதைச் சொல்லாமல் செவிலியரின் சேவை மனத்தை மட்டும் பேசினால், வரலாற்றின் பாதி விடுபட்டுப்போகும்.

பயணிகளைக் கவனிப்பது பெண்ணின் இயல்பான வேலை என்பதும் சரியன்று. வாயு நிரப்பிப் பறக்கவிடும் வான்கப்பலில் பயணிகளைக் கவனித்த முதல் பணியாளராக அறியப்படும் ஹைன்ரிக் கூபிஸ் ஒரு ஜெர்மானிய ஆண். 1912இல் ஸெப்பலின் வான்கப்பலில் சேர்ந்தவர். 1937இல் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலில் பணியிலிருந்து உயிர் பிழைத்தவர். பான் அமெரிக்கன் நிறுவனம் கடல் கடந்த தன் பாதைகளில் 1944வரை ஆண்களை மட்டுமே வைத்திருந்தது. செவிலியர் இல்லாமலே அந்தப் பயணிகள் பசிபிக் பெருங்கடலைத் தாண்டினார்கள்.

வானெழில்:

இது நான் எண்ணிப் பார்க்காத கோணம். இந்த எட்டுப் பேருக்கும் அவர்களின் விமானத்திலேயே வரவேற்பு இருக்கவில்லை என்பதையும் இங்கே சேர்க்கிறேன். விமானிகள் சிலர் முதல் பயணங்களில் அவர்களோடு பேசவே மறுத்தார்கள். அஞ்சல் விமானங்களைத் தனியே ஓட்டிப் பழகிய அவர்களுக்கு உடன் ஒரு பெண் இருப்பது பிடிக்கவில்லை. விமானிகளின் மனைவியர் சிலர், இந்தப் பெண்களை நீக்க வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கடிதங்கள் எழுதினார்கள். இவ்வளவுக்கும் இடையில் மூன்று மாதச் சோதனை வெற்றி என்று முடிவானது. சில ஆண்டுகளில் அமெரிக்கன், டிடபிள்யூஏ முதலிய நிறுவனங்களும் பெண்களை அமர்த்தத் தொடங்கின. விளம்பரம் மட்டுமே காரணம் என்றால், முறைத்துக்கொண்டிருந்த விமானிகளின் மனம் மாறியிருக்குமா?

பழைய வார்டு:

நேசன் ஐயா சொன்ன இனப் பாகுபாடு உண்மை. அதை நான் மறுக்கவில்லை. நிறுவனம் விற்பனைக்காகவே எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்தவரின் நோக்கத்தை வைத்து மட்டும் வேலை செய்தவரின் வேலையை அளக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுவிஸ்ஏர் நிறுவனம் 1934இல் நெல்லி டீனர் என்ற 22 வயதுப் பெண்ணை அமர்த்தியது. ஐரோப்பாவின் முதல் விமானப் பணிப்பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். சேர்ந்து சில மாதங்களிலேயே, அவ்வாண்டு ஜூலை 27 அன்று, தெற்கு ஜெர்மனியில் டட்லிங்கன் அருகே அவர் சென்ற கர்டிஸ் காண்டர் விமானம் இறக்கை முறிந்து விழுந்தது. அதிலிருந்த 12 பேரும் இறந்தார்கள்.

1936 ஏப்ரலில் டிடபிள்யூஏ விமானம் ஒன்று பென்சில்வேனியாவில் யூனியன்டவுன் அருகே மலையில் மோதியது. இரு விமானிகளும் பயணிகளில் பெரும்பாலோரும் இறந்தனர். அதில் பணியாற்றிய நெல்லி கிரேஞ்சர் என்ற பெண், தாமும் காயமுற்ற நிலையில், உயிரோடு இருந்தவர்களைச் சிதைவிலிருந்து வெளியே கொண்டுவந்து, குளிரில் மலைச்சரிவில் நடந்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் செய்தி சொன்னார். அதன்பின் அந்த வீட்டிலேயே படுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. காயம்பட்டவர்களிடம் திரும்பிப் போனார். அவரும் செவிலியர்தான். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. டியூட்டி முடியாமல் வார்டை விட்டு வரக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததை அவர் அந்த மலையில் செய்திருக்கிறார். அச்சம் போக்கும் விளம்பரப் படமாக மட்டும் அவரைப் பார்க்க என்னால் முடியாது.

வழக்கேடு:

நான் தொழிலாளர் வழக்குகளில் பணியாற்றும் வழக்கறிஞர். இந்த விவாதத்தில் இரு தரப்பும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: தொடக்கத்தில் இருந்த நிபந்தனைகளில் எது பிறகு கைவிடப்பட்டது, எது காப்பாற்றப்பட்டது?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் படைக்குச் செவிலியர் தேவைப்பட்டார்கள். உடனே விமான நிறுவனங்கள் செவிலியர் சான்றிதழ் வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டன. பயணிகளின் உடல்நலத்துக்கு இன்றியமையாதது என்று பத்தாண்டுகளுக்கு மேல் சொல்லப்பட்டது ஒரே வீச்சில் போயிற்று. போர் முடிந்த பின்னும் அது திரும்பி வரவில்லை. ஆனால் திருமணமாகாதவளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை போரிலும் அசையவில்லை. போருக்குப் பின்னும் அசையவில்லை. பழைய வார்டு அம்மா சொன்ன மருத்துவமனை ஒழுங்கிலிருந்து திறமையை விட்டுவிட்டு விடுதி விதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அதன் பொருளாதாரக் காரணம் எளிது. மணமானதும் வெளியேற வேண்டும் என்றால் பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்விடுவார்கள். மூத்தோருக்கான ஊதிய உயர்வும் ஓய்வூதியமும் கொடுக்க வேண்டிய தேவையே எழாது.

யுனைடெட் விமான நிறுவனத்தில் பணியாற்றிய ஏடா பிரவுன் 1945இல் விமானப் பணிப்பெண்களுக்கான முதல் சங்கத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே அந்தச் சங்கம் ஊதியம், பறக்கும் நேர வரம்பு ஆகியவற்றுக்கு ஒப்பந்தம் கண்டது. 1947இல் அவர் திருமணம் செய்துகொண்டார். ஆகவே வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சங்கத்தை உருவாக்கியவரைக்கூட அந்த விதி விட்டுவைக்கவில்லை.

ரூத் கேரல் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்ற செவிலியர், கறுப்பினப் பெண். ஒரு பெரிய நிறுவனம் மறுத்ததும் நியூயார்க் மாநிலப் பாகுபாட்டுத் தடுப்பு ஆணையத்தில் முறையிட்டார். பிறகு மோஹாக் என்ற சிறிய நிறுவனத்தில் சேர்ந்து 1958 பிப்ரவரியில் பறந்து, அமெரிக்காவின் முதல் கறுப்பின விமானப் பணிப்பெண் ஆனார். ஆறு மாதங்களுக்குள் திருமணம்; வேலை போயிற்று. நிற வேலியைத் தாண்டியவரை மண வேலி நிறுத்தியது.

1953இல் அமெரிக்கன் நிறுவனம் 32 வயதில் பணி நிறைவு என்ற விதியைப் புதிதாகக் கொண்டுவந்தது. வேறு நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கு அது பொருந்தாது என்பதால் பார்பரா ரோட்ஸ் என்ற பணிப்பெண்ணுக்குத் தனிப்பட்ட பாதிப்பு இல்லை. ஆயினும் தமக்குப் பின் வந்தவர்களுக்காக அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் வேலைவாய்ப்பில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்தது; அதைச் செயல்படுத்தும் ஆணையம் 1965இல் கதவைத் திறந்ததும், முதன்முதலில் முறையிட வந்தவர்களுள் விமானப் பணிப்பெண்கள் இருந்தார்கள். மண விதியால் வேலை இழந்த மேரி ஸ்ப்ரோகிஸ், யுனைடெட் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். அதே ஆண்டில் செலியோ டயஸ் என்ற ஆண், ஆண் என்பதற்காகத் தமக்கு இந்த வேலை மறுக்கப்பட்டது என்று பான் அமெரிக்கன் மீது தொடுத்த வழக்கில் வென்றார். பயணிகளில் 79 சதவீதத்தினர் பெண்களையே விரும்புகிறார்கள் என்ற கணக்கை அந்த நிறுவனம் முன்வைத்தது. வாடிக்கையாளரின் விருப்பம் பாகுபாட்டுக்கு நியாயம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1944வரை ஆண்களை மட்டுமே வைத்திருந்தது அதே நிறுவனம்தான் என்பதை நேசன் ஐயா மேலே எழுதியிருப்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

நம் நாட்டுக்கும் இந்த விதிகள் வந்து சேர்ந்தன. ஏர் இந்தியாவில் பணிப்பெண்கள் 35 வயதிலோ, பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணந்தாலோ, முதன்முறை கருவுற்றாலோ, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது வெளியேற வேண்டும் என்று விதி இருந்தது. நர்கேஷ் மீர்ஸா வழக்கில் 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கருவுற்றதற்காக வேலைநீக்கம் செய்வது இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்று சொல்லி அந்தப் பகுதியை நீக்கியது. ஆனால் நான்கு ஆண்டு மணத் தடையையும் 35 வயதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. நான் சட்டம் படித்த காலத்தில் இந்தத் தீர்ப்பை வெற்றியாகவே சொல்லித் தந்தார்கள். இன்று படிக்கும்போது பாதித் தீர்ப்பாகவே எனக்குத் தெரிகிறது.

தொடர்வண்டி நேசன்:

வழக்கேடு அவர்களின் வாதம் என் கருத்தை ஓரளவு மாற்றியிருக்கிறது. விற்பனை உத்தி என்று நான் சொன்னது போருக்குப் பின் முழுமையாகப் பொருந்துகிறது; 1930க்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் ஒன்று கேட்க விரும்புகிறேன். விதிகள் இவ்வளவு கடுமையாக இருந்தும் பெண்கள் ஏன் வரிசையில் நின்றார்கள்? 1930இல் அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சிக்குள் போய்க்கொண்டிருந்தது. வேலை கிடைத்ததே பெரிது என்பது மட்டுமா காரணம்?

பழைய வார்டு:

வேலைப் பஞ்சம் ஒரு காரணமாக நிச்சயம் இருந்திருக்கும். அன்று அமெரிக்காவில் பயிற்சி முடித்த செவிலியரில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் நிலையான வேலை கிடையாது. பயிற்சி மாணவியரை வைத்தே மருத்துவமனைகள் வார்டை நடத்தின. படித்து முடித்தவள் வசதியுள்ள வீடுகளில் தனிச் செவிலியராகத்தான் போக வேண்டும். வீழ்ச்சி தொடங்கியதும் அந்த வீடுகளும் செவிலியரை அழைப்பதை நிறுத்திவிட்டன.

ஆனால் நான் என் அனுபவத்திலிருந்து இன்னொன்றையும் சொல்வேன். பயிற்சி முடித்த ஆண்டில் எனக்கு முதல் பணியிடம் ஊரிலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் கலங்கினார்கள். எனக்கோ பேருந்தில் தனியே சன்னலோரம் அமர்ந்து போன அந்த இரவு இன்றும் மறக்கவில்லை. ஒரு பெண் தன் ஊதியத்தில், தன் தொழிலின் பெயரால், யாரும் துணை வராமல் நெடுந்தூரம் போகலாம் என்பது எப்படிப்பட்ட உணர்வு என்று அனுபவித்தவளுக்குத் தெரியும். ராக்கி மலைக்கு மேலே பறந்த அந்தப் பெண்ணுக்கு அது எத்தனை மடங்காக இருந்திருக்கும்! சுவடு தெரியாமல் பெருக்கவும் ஈ அடிக்கவும் அவள் ஒப்புக்கொண்டது அதற்காகவும்தான் என்று நம்புகிறேன். அந்த ஆசையை அறிந்துகொண்டு, அதற்கு விலையாக அவளுடைய மண வாழ்வைக் கேட்டதுதான் எனக்கு ஆறாத கோபம்.

மலைச்சரிவு:

இதுவரை எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். எலன் சர்ச் முதலில் கேட்டது விமானி வேலை என்று இழையின் தொடக்கத்தில் இருக்கிறது. பிற்காலத்திலாவது அவருக்கு அது கிடைத்ததா?

வானெழில்:

கிடைக்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பறந்த பிறகு, கார் விபத்தில் காயமுற்று அவர் பணிப்பெண் வேலையையும் விட்டார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்து மீண்டும் செவிலியப் பணிக்கே திரும்பினார். போர்க்காலத்தில் படைச் செவிலியராகச் சேர்ந்து, வட ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காயம்பட்ட வீரர்களை விமானத்தில் அழைத்து வரும் பிரிவில் கேப்டனாகப் பணியாற்றினார். அதற்காக அவருக்கு ஏர் மெடல் பதக்கம் வழங்கப்பட்டது. விமானத்தில் செவிலியர் எதற்கு என்ற என் கேள்விக்கு அவரே அங்கு விடை சொல்லிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. போருக்குப் பின் இண்டியானாவில் டெர் ஹோட் நகரத்தில் மருத்துவமனை நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். 1965 ஆகஸ்டில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார்.

அவர் கேட்ட வேலையைப் பொறுத்தவரை, ஹெலன் ரிச்சி என்ற பெண்ணை 1934 இறுதியில் சென்ட்ரல் ஏர்லைன்ஸ் நிறுவனம் விமானியாக அமர்த்தியது. விமானிகள் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது; நல்ல வானிலையில் மட்டுமே அவரைப் பறக்கவிட வேண்டும் என்று அரசுத் துறையும் நிறுவனத்துக்குச் சொன்னது. ஓராண்டு முடியும் முன்பே அவர் விலகினார். அதன் பிறகு அமெரிக்காவின் பெரிய பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் ஒரு பெண் நிலையான விமானியாகச் சேர்ந்தது 1973 ஜனவரியில்தான். ஃப்ரான்டியர் நிறுவனத்தில் சேர்ந்த எமிலி ஹோவெல் வார்னர்தான் அவர். எலன் சர்ச் இறந்து அப்போது ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. க்ரெஸ்கோவில் உள்ள சிறிய விமான நிலையத்துக்கு இன்று எலன் சர்ச் களம் என்று பெயர்.